மேலுமலை, மூன்றாம் கியர்

சேலத்திலிருந்து திரும்புகையில்
தொப்பூர் ஏற்றத்தில் எங்களை முந்திப் போனவை:
சிமெண்டு லாரி, கோழிக் கூண்டு வண்டி,
ஒரு கல்யாணப் பஸ், அதன் சன்னலில் கையசைத்த சிறுமி,
கடைசியாக, சத்தியமாக,
கரும்பு ஏற்றிய ஒரு டிராக்டர்.

இரண்டாம் கியர். பதினெட்டுக்கு மேல் முள் நகரவில்லை.
கண்ணாடியில் பார்த்தால்
மலையை மறைத்து நின்றது எங்கள் புகை.
"வயசாச்சில்ல" என்றார் திம்மராயன்.
வண்டியைத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

தொண்ணூற்று நான்காம் வருட மேட்டடார்.
தேன்கனிக்கோட்டையில் பள்ளிப் பிள்ளைகளைச் சுமந்தது.
இப்போது உள்ளே மடக்குக் கட்டில், ஒற்றை அடுப்பு,
நாற்பது லிட்டர் தண்ணீர்,
இரண்டு பேர்.

கிருஷ்ணகிரியில் சமியுல்லாவின் பட்டறை.
ஏர் ஃபில்டரைத் திறந்தான்.
ஒரு கை செம்மண், ஒரு குளவிக்கூடு.
"மூக்க அடைச்சுட்டு ஓடச் சொன்னா
நீங்க ஓடுவீங்களாக்கா?"
நாசிலைக் கழற்றிப் பம்பு அடித்துக் காட்டினான்.
"பூ மாதிரி தெளிக்கணும். இது மூத்திரம் பெய்யுது."
டேப்பட்டுக்குள் தகடு விட்டான், இழுத்தான்,
அரைத் தூக்கத்தில் எழுப்பியவன்போல் முகம் சுளித்தான்.
பிறகு ஜாக்கி போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினான்.
சுற்றவில்லை.
வெகுநேரம் சிரித்தான்.
"இவ்ளோ நாளா பிரேக்க மிதிச்சிக்கிட்டேதான்
மலை ஏறியிருக்கீங்க."

மூன்றாம் நாள் மாலை
சூளகிரிப் பக்கம் மேலுமலைக்கு ஓட்டிப் பார்த்தோம்.
பாதி ஏற்றம்வரை மூன்றாம் கியர்.
அப்புறம் பழைய முனகல்.
சமியுல்லா பேசவில்லை.
இறங்கி, டயர்களைப் பார்த்தான், பின்புற ஸ்பிரிங் பட்டைகளைப் பார்த்தான்,
கட்டிலைப் பார்த்தான்.

எடைமேடையில் சிவப்பு எண்கள்:
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
"உள்ள என்னக்கா வச்சிருக்கீங்க?"
அரிசி, சிலிண்டர், போர்வை, குடை என்று
நான் விரல் விட்டுக்கொண்டிருந்தபோது
திம்மராயன் ஒரு ஸ்க்ரூடிரைவர் கேட்டார்.

கட்டிலுக்கு அடிப்பலகை. பதினாறு திருகாணி.
கீழே, செய்தித்தாள் சுற்றி, செங்குத்தாக அடுக்கி,
ஒரடிச் சதுரக் கிரானைட் மாதிரிகள்.
பாரடைசோ. கறுப்பு. மயில்நீலம்.
ஒன்று ஐந்து கிலோ வீதம் நாற்பத்தாறு.
இரண்டு வருடமாக அவற்றின்மேல்தான்
தூங்கியிருக்கிறேன்.

"கம்பெனி மூடுறப்ப
பதினொரு மாசச் சம்பளத்துக்குப் பதிலா
எடுத்துக்கச் சொன்னாங்க."
கைக்கு வந்துவிட்டது என்றுதானே அன்று சொன்னீர்கள்,
லட்டு வாங்கி வந்தீர்களே,
என்று நான் கேட்கவில்லை.
சமியுல்லாவுக்குத் திடீரென்று
கை கழுவ வேண்டியிருந்தது.

பட்டறை வாசலில் மழைக்குச் சேறாகும் ஓர் இடம்.
நாற்பத்தைந்து கற்கள் அங்கே படுத்தன.
பில்லைக் கிழித்தான்.
மறுநாளே ஒரு மேஸ்திரி
எக்ஸ்போர்ட் தரத்தின்மேல்
வெற்றிலை துப்பிவிட்டுப் போனார்.

ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்,
சரிவில் நிறுத்தும்போது
டயருக்கு முட்டுக் கொடுக்க.

மறுபடி மேலுமலை.
மூன்றாம் கியர், முப்பத்தெட்டு.
புகை, பீடி அளவுக்கு.
கொய்யா ஏற்றிய ஒரு குட்டி யானையை
நாங்கள் முந்தினோம். அதன் டிரைவர் நம்பாமல் பார்த்தான்.

"மொத்தம் எவ்வளவு?" என்றேன்.
அவர் மெதுவாகத்தான் சொன்னார்.
முன்பென்றால் எஞ்சின் சத்தத்தில்
கேட்டிருக்காது.

வளைவு வந்தது.
ஹாரன் அடித்தேன்.